மழை ஓய்ந்தபின் வந்த வெள்ளம்



2024-ஆம் ஆண்டு டிசம்பரில், ஃபெஞ்சல் புயல் விடுமுறை முடிந்து வகுப்புகள் தொடங்கிய நாளில், பாகூர் கொம்யூனிலிருந்து வரும் மாணவர் ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய புத்தகங்கள் எல்லாம் நனைந்து வீணாகிவிட்டன. அதைச் சொல்ல வந்தவர், கூடவே இரண்டு கேள்விகளையும் கேட்டார்.

"சார், புயல் மழையின்போது எங்கள் வீட்டிற்குள் தண்ணீர் வரவில்லை. மழை ஓய்ந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று நினைத்தோம். அதற்குப் பிறகுதான் தென்பெண்ணை எங்கள் தெருவுக்குள் வந்தது. மழை இல்லாதபோது இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது? பூமி சூடாகிறது என்கிறார்களே, அதனால் இது இனி அடிக்கடி வருமா?"

முதல் கேள்விக்குக் கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும், விடை கிடைத்துவிடும். இரண்டாவது கேள்வி அவ்வளவு எளிதன்று. உலகெங்கும் விஞ்ஞானிகள் இன்றும் ஆராய்ந்துகொண்டிருக்கும் கேள்வி அது. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்போம்.

புயல் நகரவில்லை

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு புதுச்சேரிக்கு அருகில் கரையைக் கடந்தது. காற்றின் வேகத்தை வைத்துப் பார்த்தால் அது மிகப்பெரிய புயல் அன்று. மணிக்கு 70 முதல் 80 கிலோமீட்டர் வேகம்தான். 2011-இல் வந்த தானே புயலைக் கண்டவர்கள் இதைப் பெரிதாக நினைத்திருக்கமாட்டார்கள். ஆனால் கரை கடந்த புயல் அங்கிருந்து நகரவில்லை. பல மணி நேரம் நம் தலைக்கு மேலேயே நின்றுவிட்டது.

விளைவு என்ன? டிசம்பர் 1-ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் சுமார் 48 செ.மீ. மழை பதிவாயிற்று. அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளில் ஒரே நாளில் பெய்த மிகப்பெரிய மழை 21 செ.மீ.தான். அது 2004 அக்டோபர் 31-இல் பெய்தது. பழைய அளவை இரண்டு மடங்குக்கும் மேலாகப் புதிய மழை தாண்டிவிட்டது. ஓர் ஆண்டு முழுவதும் நமக்குக் கிடைக்கும் மழை சராசரியாக 130 செ.மீ. அளவுதான். அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஒரே நாளில் கொட்டிவிட்டது!

48 செ.மீ.யை 24 மணியால் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 2 செ.மீ. கிடைக்கும். மணிக்கு 2 செ.மீ. மழை என்பது நம் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அதிசயம் அன்று. அது ஒரு நாள் முழுவதும் விடாமல் பெய்தது என்பதுதான் அதிசயம். ஆகவே, மழையின் மொத்த அளவுக்கு மழையின் வேகம் ஒரு காரணம், மழை நீடிக்கும் நேரம் மற்றொரு காரணம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு வலுவிழந்த புயல் மேற்கு நோக்கி உள்நாட்டிற்குள் சென்றது. அங்கும் சும்மா இருக்கவில்லை. மறுநாள் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை பெய்தது. கடலிலிருந்து அவ்வளவு தொலைவில் உள்ள ஊரில் அப்படி ஒரு மழை! பாகூர் மாணவரின் முதல் கேள்விக்கு விடை இந்த இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது.

ஒரு சிறு கணக்கு

தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் பிறக்கிறது. கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களைக் கடந்து, பாகூர் கொம்யூனின் தெற்கு எல்லையை ஒட்டி ஓடி, கடலூருக்கு அருகில் கடலில் சேர்கிறது. எந்தெந்த நிலத்தில் விழும் மழைநீர் இந்த ஆற்றுக்கு வந்து சேருமோ, அந்த நிலம் முழுவதையும் சேர்த்து ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி என்கிறோம். தென்பெண்ணையின் நீர்ப்பிடிப்புப் பகுதி சுமார் 16,000 சதுர கிலோமீட்டர். நம் புதுச்சேரிப் பகுதியின் பரப்போ சுமார் 290 சதுர கிலோமீட்டர்தான். அதாவது, நம்மைப் போல் ஐம்பது மடங்குக்கும் மேலான நிலத்தின் தண்ணீர் சோரியாங்குப்பம், குருவிநத்தம், கொமந்தான்மேடு கிராமங்களை ஒட்டித்தான் கடலுக்குப் போகவேண்டும். அங்கே வானம் தெளிவாக இருந்தால் என்ன? ஆற்றுக்கு ஊத்தங்கரை வானம்தான் கணக்கு!

ஊத்தங்கரைப் பக்கத்துத் தண்ணீர் பாம்பாறு வழியாகத் தென்பெண்ணையில் சேர்ந்து, சாத்தனூர் அணைக்கு வந்தது. அணை ஏற்கெனவே நிரம்பும் நிலையில் இருந்தது. நிரம்பிய குடத்தில் எவ்வளவு ஊற்றுகிறோமோ அவ்வளவும் வழியத்தானே வேண்டும்? டிசம்பர் 2, திங்கட்கிழமை அதிகாலையில் அணையிலிருந்து வினாடிக்கு சுமார் 1,68,000 கன அடி நீர் வெளியேற்றப்பட்டது.

இந்த எண்ணைப் படித்துவிட்டு அப்படியே கடந்துபோகாதீர்கள். ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். எனவே வினாடிக்கு ஏறத்தாழ 47.5 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் ஒவ்வொரு வினாடியும் 400 வீதம் கொட்டுவதற்கு இது சமம். சாத்தனூர் அணையின் முழுக் கொள்ளளவு 732.1 கோடி கன அடி. அதை 1,68,000-ஆல் வகுத்தால் சுமார் 43,600 வினாடிகள் வரும். அதாவது 12 மணி நேரம். உள்ளே வரும் நீர் நின்றுபோய், இதே வேகத்தில் வெளியேற்றிக்கொண்டே இருந்தால், நிரம்பிய அணை 12 மணி நேரத்தில் காலியாகிவிடும். இத்தகைய வெள்ளத்தை ஓர் அணை எவ்வளவு நேரம்தான் தாங்கிப் பிடிக்கமுடியும்?

அணையிலிருந்து பாகூர் எல்லைக்கு ஆறு நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஓடிவரவேண்டும். வெள்ளம் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வருவதாக வைத்துக்கொண்டால், மணிக்கு 7.2 கிலோமீட்டர். 110 கிலோமீட்டரைக் கடக்க 15 மணி நேரம் ஆகும். ஆகவேதான் மழை ஓய்ந்தபின் வெள்ளம் வந்தது. இந்த 15 மணி நேரத்தை மறந்துவிடாதீர்கள். கட்டுரையின் முடிவில் இது நமக்குத் தேவைப்படும்.

வில்லியனூர்ப் பக்கத்து மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் சங்கராபரணி ஆறு செஞ்சிப் பகுதியில் தொடங்கி, வீடூர் அணையைக் கடந்து, திருக்காஞ்சி, வில்லியனூர் வழியாக வருகிறது. சுமார் 80 கிலோமீட்டர் நீளமுள்ள சிறிய ஆறு அது. அதன் நீர்ப்பிடிப்புப் பகுதி அருகிலேயே இருப்பதால், மழைக்கும் வெள்ளத்துக்கும் இடையே கிடைக்கும் நேரம் மிகவும் குறைவு. பெரிய ஆறு தாமதமாக வரும். சிறிய ஆறு உடனே வரும். இரண்டுக்கும் ஒரே மாதிரி எச்சரிக்கை போதாது.

சூடான கடல், கனத்த மழை

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். பூமி சூடானால் மழை ஏன் கூடவேண்டும்?

குளிர்ந்த நீர் நிறைந்த டம்ளரின் வெளிப்பக்கத்தில் நீர்த்துளிகள் அரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். டம்ளரைச் சுற்றியுள்ள காற்று குளிர்ந்ததும், அதிலிருந்த நீராவியின் ஒரு பகுதி நீராகிவிட்டது. ஒவ்வொரு வெப்பநிலையிலும் ஒரு கன மீட்டர் இடத்தில் இருக்கக்கூடிய நீராவிக்கு ஒரு வரம்பு உண்டு. 20 டிகிரி சென்டிகிரேடில் அது சுமார் 17 கிராம். 30 டிகிரியில் சுமார் 30 கிராம். பத்து டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட இரு மடங்கு! 19-ஆம் நூற்றாண்டில் கிளாப்பிரான், கிளாஷியஸ் என்ற இரு விஞ்ஞானிகள் இதற்கான சமன்பாட்டைக் கண்டறிந்தார்கள். அதன்படி, வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் இந்த வரம்பு ஏறத்தாழ 6 முதல் 7 சதவீதம் உயரும்.

இப்போது ஒரு கேள்வி. நம் தலைக்கு மேலே, தரையிலிருந்து வானத்தின் உச்சி வரை உள்ள காற்றிலுள்ள நீராவி முழுவதையும் ஒட்டப் பிழிந்தால் எவ்வளவு மழை கிடைக்கும்? மழைக்காலத்தில்கூட 6 அல்லது 7 செ.மீ.தான் கிடைக்கும். அப்படியானால் 48 செ.மீ. எங்கிருந்து வந்தது? புயல் என்பது ஒரு பெரிய இறைவை இயந்திரம். சுற்றிலும் பல நூறு கிலோமீட்டர் கடற்பரப்பின் மேல் உள்ள ஈரக்காற்றை இழுத்து, மேலே தூக்கி, குளிரவைத்து, ஓரிடத்தில் கொட்டுகிறது. நம் வானம் அன்று ஏழெட்டு முறை காலியாகி மீண்டும் நிரம்பியிருக்கவேண்டும். கடல் சூடாக இருந்தால் ஒவ்வொரு முறையும் சற்று அதிகமாக நிரம்பும்.

இன்னும் ஒன்று. நீராவி நீராகும்போது உள்ளுறை வெப்பத்தை வெளியிடுகிறது என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். ஒரு கிராம் நீராவி நம் ஊர் வெப்பநிலையில் நீரானால் சுமார் 580 கலோரி வெளிப்படும். இந்த வெப்பம் சுற்றியுள்ள காற்றை இன்னும் வேகமாக மேலே எழச்செய்கிறது. அதனால் கீழேயிருந்து மேலும் ஈரக்காற்று இழுக்கப்படுகிறது. ஆகவே சில மழைகளில் அளவு 7 சதவீதத்துக்கும் மேலாகவே கூடலாம்.

பூமி உண்மையிலேயே சூடாகியிருக்கிறதா? ஆம். தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. 1850-1900 காலத்துடன் ஒப்பிட்டால், 2011-2020 காலத்தில் பூமியின் சராசரி வெப்பநிலை 1.1 டிகிரி கூடியிருந்தது. வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951-க்கும் 2015-க்கும் இடையில் ஏறத்தாழ ஒரு டிகிரி சூடாகியது. நம் வடகிழக்குப் பருவமழைக்கு நீர் தருவது இந்தப் பெருங்கடலின் ஒரு பகுதியான வங்காள விரிகுடாதான்.

மழை கூடினால் வெள்ளமும் கூடுமா?

"கூடத்தானே வேண்டும்!" என்று உடனே சொல்லிவிடாதீர்கள். ஒரு சோதனை செய்து பார்ப்போம்.

ஒரே அளவுள்ள இரண்டு பூந்தொட்டிகளில் ஒரே வகை மண்ணை நிரப்புங்கள். ஒன்றை நான்கு நாள் வெயிலில் காயவிடுங்கள். மற்றதற்குத் தினமும் நீர் ஊற்றுங்கள். ஐந்தாம் நாள் இரண்டின் அடியிலும் ஒரு தட்டு வைத்து, இரண்டிலும் அரை டம்ளர் நீரை மெதுவாக ஊற்றுங்கள். ஈரத் தொட்டியின் தட்டில் நீர் வடியும். காய்ந்த தொட்டியின் தட்டில் அநேகமாக ஒன்றும் இராது. இப்போது தட்டுகளை எடுத்துவிட்டு, இரண்டையும் பெரிய பாத்திரங்களில் வைத்து, ஆளுக்கு ஒரு வாளி நீரை ஊற்றுங்கள். இரண்டிலிருந்தும் வெளிவரும் நீர் கிட்டத்தட்ட ஒரே அளவாக இருக்கும். காய்ந்த மண் குடித்த நீர், ஒரு வாளிக்கு முன்னால் எம்மாத்திரம்?

இதையே எண்களில் பார்ப்போம். இவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். ஒரு பகுதியின் மண் 10 செ.மீ. மழையைக் குடிக்கும் என்று கொள்வோம். பூமி ஒரு டிகிரி சூடானால் மழை 7 சதவீதம் கூடுகிறது. ஆனால் வெப்பத்தால் நிலமும் அதிகம் உலர்ந்துபோவதால், மண் இப்போது 11 செ.மீ. குடிக்கிறது.

முதலில் ஒரு சாதாரண மழை, 12 செ.மீ. முன்பு ஆற்றுக்கு ஓடியது 12 − 10 = 2 செ.மீ. இப்போது மழை 12.84 செ.மீ.; ஆற்றுக்கு ஓடுவது 12.84 − 11 = 1.84 செ.மீ. மழை கூடியது, வெள்ளமோ குறைந்துவிட்டது!

அடுத்து ஒரு பெருமழை, 48 செ.மீ. முன்பு ஓடியது 38 செ.மீ. இப்போது மழை 51.36 செ.மீ.; ஓடுவது 40.36 செ.மீ. வெள்ளம் கூடிவிட்டது.

பார்த்தீர்களா? ஒரே வெப்ப உயர்வு சிறிய வெள்ளங்களைக் குறைக்கிறது. பெரிய வெள்ளங்களைப் பெருக்குகிறது. "வரவர ஆற்றில் தண்ணீரே வருவதில்லை" என்று பெரியவர்கள் சொல்வதும், "இப்படி ஒரு வெள்ளத்தைப் பார்த்ததே இல்லை" என்று அவர்களே சொல்வதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. இரண்டும் சேர்ந்தே நடக்கக்கூடும்.

உலகிலும் இப்படித்தான் காண்கிறோம். பெருமழை உலகின் பெரும்பாலான நிலப்பகுதிகளில் கூடியிருக்கிறது. ஆனால் ஆற்று வெள்ளங்கள் எல்லா இடத்திலும் கூடவில்லை. ஐரோப்பாவின் ஆறுகளை ஐம்பது ஆண்டு அளவீடுகளைக்கொண்டு ஆராய்ந்தபோது, வடமேற்கு ஐரோப்பாவில் வெள்ளங்கள் பெருகியிருந்தன. தெற்கில் மண் உலர்ந்ததாலும், கிழக்கில் பனிக்கட்டி குறைந்து உருகும் நீர் குறைந்ததாலும் வெள்ளங்கள் சிறுத்திருந்தன. வெள்ளம் என்பது மழை மட்டும் அன்று. மண்ணும், மரங்களும், ஏரிகளும், அணைகளும், கடலும் சேர்ந்து எழுதும் கணக்கு அது.

மண் எழுதிவைத்த குறிப்பு

பெரும்பாலான ஆறுகளின் நீர்மட்டத்தை மனிதன் முறையாக அளக்கத் தொடங்கி அதிகம்போனால் நூறு, நூற்றைம்பது ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கு முந்தைய வெள்ளங்களை எப்படி அறிவது?

பெருவெள்ளம் வரும்போது ஆற்றோரத்துப் பாறை இடுக்குகளிலும், துணையாறுகளின் வாயிலும் நீர் தேங்கி நிற்கும். தேங்கிய நீரிலிருந்து வண்டல் படியும். ஒவ்வொரு பெருவெள்ளத்துக்கும் ஒரு படிவு. அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, வெள்ளமும் குறைந்தபட்சம் அவ்வளவு உயரத்துக்கு வந்திருக்கவேண்டும். படிவில் சிக்கிய கரித்துண்டுகளின் வயதைக் கதிரியக்கக் கார்பன் முறையில் கணக்கிட்டால் வெள்ளத்தின் காலமும் தெரிந்துவிடும். நம் நாட்டில் நர்மதை ஆற்றங்கரையில் இந்த ஆராய்ச்சி நடந்திருக்கிறது.

அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றின் மேற்பகுதித் துணையாறுகளில் இதே போன்ற சான்றுகளைக்கொண்டு 7,000 ஆண்டு வெள்ள வரலாற்றை ஆராய்ந்து, 1993-இல் முடிவை வெளியிட்டார்கள். அந்த 7,000 ஆண்டுகளில் சராசரி வெப்பநிலை ஒன்று அல்லது இரண்டு டிகிரி அளவுக்கே மாறியிருந்தது. மழையின் சராசரியும் சிறிதளவே மாறியிருந்தது. ஆனால் பெருவெள்ளங்களின் அளவும் எண்ணிக்கையும் பெரிதாக மாறியிருந்தன. சராசரியில் ஏற்படும் சிறு மாற்றம் எல்லையில் பெரிய மாற்றத்தை உண்டாக்கும் என்பதுதான் மண் எழுதிவைத்த குறிப்பு.

ஐந்து மதிப்பெண் கருணை

இது எப்படி? உங்களுக்கு நன்கு பழக்கமான பரீட்சையையே எடுத்துக்கொள்வோம்.

பத்தாயிரம் மாணவர்கள் ஒரு பரீட்சை எழுதினார்கள். சராசரி மதிப்பெண் 60. பெரும்பாலோர் 50-க்கும் 70-க்கும் இடையில் இருக்கிறார்கள். 80-க்கு மேல் பெற்றவர் 228 பேர். 90-க்கு மேல் பெற்றவர் 13 பேர் மட்டுமே. இப்போது கேள்வித்தாளில் ஒரு பிழை இருந்ததென்று எல்லோருக்கும் 5 மதிப்பெண் கருணையாகக் கொடுத்துவிட்டார்கள். என்ன ஆகும்?

60-க்கு மேல் பெற்றவர் 5,000-இலிருந்து சுமார் 6,900 ஆவார்கள். ஒன்றரை மடங்குகூட இல்லை. 80-க்கு மேல் பெற்றவர் 228-இலிருந்து 668 ஆவார்கள். ஏறத்தாழ மூன்று மடங்கு. 90-க்கு மேல் பெற்றவரோ 13-இலிருந்து 62! நான்கு மடங்குக்கும் மேல். எல்லோருக்கும் கிடைத்தது அதே ஐந்து மதிப்பெண்தான். ஆனால் அரிதாக இருந்ததுதான் அதிக மடங்கு பெருகுகிறது.

மழையின் அளவுகள் பரீட்சை மதிப்பெண்களைப் போல அப்படியே பரவியிருப்பதில்லை. ஆயினும் கருத்து ஒன்றுதான். உலக விஞ்ஞானிகள் கூடி 2021-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, முன்பு பத்து ஆண்டுக்கு ஒருமுறை பெய்த ஒரு நாள் பெருமழை, பூமி ஒரு டிகிரி சூடான நிலையில் 1.3 மடங்கு அடிக்கடி பெய்கிறது. 2 டிகிரி சூடானால் 1.7 மடங்கு ஆகும். 4 டிகிரி சூடானால் 2.7 மடங்கு ஆகும்; அதன் அளவும் 30 சதவீதம் கூடிவிடும்.

"நூறு ஆண்டு வெள்ளம்" என்று பொறியாளர்கள் சொல்வதையும் இங்கே புரிந்துகொள்ளவேண்டும். இந்த ஆண்டு வந்துவிட்டால் இன்னும் நூறு ஆண்டுக்கு வராது என்பதன்று அதன் பொருள். ஒவ்வோர் ஆண்டும் அது வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். முப்பது ஆண்டுகளில் ஒருமுறையேனும் வர வாய்ப்பு 26 சதவீதம். அதே வெள்ளம் பருவநிலை மாற்றத்தால் "ஐம்பது ஆண்டு வெள்ளம்" ஆகிவிட்டால், முப்பது ஆண்டுகளில் வர வாய்ப்பு 45 சதவீதம். கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி! வெள்ளம் பெரிதாகவில்லை, நாம் அதைச் சந்திக்கும் வாய்ப்புத்தான் பெரிதாகிவிட்டது.

பாலம் கட்டுபவரும், கரை உயர்த்துபவரும், அணையின் மதகுகளைத் திட்டமிடுபவரும் பழைய பதிவேடுகளைப் பார்த்தே கணக்கிட்டு வந்திருக்கிறார்கள். பழைய பரீட்சை முடிவை வைத்துக்கொண்டு புதிய பரீட்சையின் முதல் மாணவரைத் தேடுவது போன்றது அது. 2024 டிசம்பர் வெள்ளத்தில், சாத்தனூர் அணைக்குக் கீழே தென்பெண்ணையின்மேல், திறந்து சில மாதங்களே ஆன உயர்மட்டப் பாலம் ஒன்று அடித்துச்செல்லப்பட்டது.

எல்லாப் பழியும் வெப்பத்தின்மேலா?

அவசரப்பட்டு அப்படிச் சொல்லக்கூடாது. 2015 டிசம்பர் 1-இல் சென்னையை மூழ்கடித்த மழையை விஞ்ஞானிகள் புள்ளிவிவரங்களைக்கொண்டு ஆராய்ந்தார்கள். அந்த மழையில் புவி வெப்ப உயர்வின் பங்கைத் தெளிவாகக் காண முடியவில்லை. காற்றிலுள்ள புகையும் தூசியும் சூரிய ஒளியைத் தடுத்து, வெப்ப உயர்வின் விளைவை இங்கே மறைத்திருக்கக்கூடும் என்றும் அவர்கள் கருதினார்கள். தனி ஒரு வெள்ளத்தைக் காட்டி "இது வெப்பத்தால் வந்தது" என்று சொல்வது, கருணை மதிப்பெண்ணுக்குப்பின் 92 வாங்கிய ஒரு மாணவரைக் காட்டி "இவர் படிக்கவே இல்லை" என்று சொல்வதைப் போன்றது. மொத்தக் கணக்கைத்தான் பார்க்கவேண்டும்.

வெப்பத்தோடு தொடர்பில்லாத காரணங்களும் நம் கண்முன்னே இருக்கின்றன. பாகூர் ஏரி, ஊசுட்டேரி போன்ற பெரிய ஏரிகளும், அவற்றைச் சுற்றிய சிறு ஏரிகளும் வாய்க்கால்களால் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டவை. தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரிக்கு நீர் கொண்டுவருகிறது. ஏரிக்கு நீர் வரும் வழி தூர்ந்தால் கோடையில் வறட்சி. ஏரி வழிந்து செல்லும் வழி அடைபட்டால் மழையில் வெள்ளம். இரண்டுமே வாய்க்காலைப் பொறுத்தவை.

கடலையும் மறக்கக்கூடாது. நம் கொம்யூன்கள் கடற்கரைச் சமவெளியில் இருப்பதால் நிலத்தின் சரிவு மிகக் குறைவு. சரிவு குறைந்தால் நீர் வடிவதும் மெதுவாகும். 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்துள்ளது. புயல் நாளில் கடல் பொங்கி முகத்துவாரத்தில் நிற்கும்போது, ஆற்றுநீர் வெளியே போக வழியின்றிப் பின்னால் தேங்குகிறது. அந்த வேளையில் ஒவ்வோர் அங்குலமும் கணக்கில் வரும்.

நாம் செய்யக்கூடியது

இப்போது பாகூர் மாணவரின் கேள்விக்கு விடை சொல்லலாம். தென்பெண்ணை ஆண்டுதோறும் அவர் வீட்டிற்கு வராது. பல ஆண்டுகள் ஆறு வறண்டும் கிடக்கலாம். ஆனால் 2024-ஐப் போன்ற பெருவெள்ளம் அவர் வாழ்நாளில் மீண்டும் வருவதற்கான வாய்ப்பு, அவருடைய தாத்தாவுக்கு இருந்ததைவிட அதிகம் என்றே எதிர்பார்க்கவேண்டும். ஆறு வறண்டு கிடக்கும் ஆண்டுகளில்தான் நாம் அதை மறந்துவிடுகிறோம்.

எனவே மறக்காமல் இருக்க மூன்று வேலைகள்.

முதலாவது, அளந்து வையுங்கள். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள நேரான டப்பா ஒன்றைத் திறந்தவெளியில், மரமும் சுவரும் மறைக்காத இடத்தில் வையுங்கள். தினமும் காலை எட்டரை மணிக்கு அதிலுள்ள நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்து நோட்டில் குறியுங்கள். அதுவே உங்கள் ஊரின் மழை அளவு. ஒரே கொம்யூனில் இரு கிராமங்களுக்கிடையே எவ்வளவு வேறுபாடு என்று கண்டு வியப்பீர்கள்.

இரண்டாவது, அடையாளம் இடுங்கள். 2024-இல் வெள்ளம் எந்த உயரம் வரை வந்தது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு, பள்ளிச் சுவரிலும் கோயில் மதிலிலும் அனுமதி பெற்று, தேதியுடன் ஒரு கோடு போடுங்கள். புதிதாக வீடு கட்டுபவர் அந்தக் கோட்டைப் பார்த்துத் தரைமட்டத்தை உயர்த்துவார். வண்டலைத் தோண்டிப் பார்க்கவேண்டிய வேலை நம் பேரப்பிள்ளைகளுக்கு மிச்சமாகும்.

மூன்றாவது, நேரத்தைப் பயன்படுத்துங்கள். 15 மணி நேரத்தை மறக்கவேண்டாம் என்று சொன்னேன் அல்லவா? சாத்தனூரில் எவ்வளவு நீர் திறக்கிறார்கள் என்ற செய்தி வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் சில நிமிடங்களில் வந்துவிடுகிறது. பாகூர் எல்லைக்கு நீர் வந்து சேரப் பல மணி நேரம் ஆகிறது. ஆடுமாடுகளை மேட்டுக்கு ஓட்டவும், முதியவர்களை அழைத்துச் செல்லவும், ரேஷன் கார்டையும் பள்ளிச் சான்றிதழையும் பிளாஸ்டிக் பையில் போட்டுப் பரணில் வைக்கவும் அந்த நேரம் போதும். "1,68,000 கன அடி" என்ற செய்தியைக் கேட்டவுடன் அதன் பொருள் தெரிந்த ஒருவர் தெருவில் இருந்தால் போதும். அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம்.

என்னிடம் கேள்வி கேட்ட மாணவர் இப்போது தம் வீட்டு மாடியில் ஒரு பால்பவுடர் டப்பாவை வைத்திருக்கிறார். மழை நாட்களில் காலை எட்டரை மணிக்கு அதை அளந்த பிறகுதான் கல்லூரிக்குப் புறப்படுகிறாராம். ஊத்தங்கரைப் பக்கம் எவ்வளவு பெய்தது என்றும் செய்தியில் பார்த்து, நோட்டில் பக்கத்திலேயே குறித்துக்கொள்கிறார்.